நோயாளிக்கு என்ன உறவு

புதையல் உள்ள மனைகளை நான் நிறையப் பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திர எழுத்தராக இருக்கிறேன். இருபத்திரண்டு வருஷத் தொழில். கிரையப் பத்திரம் எழுதும்போது சொத்தோடு சேர்த்து நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று ஒரு வரியை வாங்குபவருக்கு விட்டுக்கொடுப்பது பழைய வழக்கம். புதையல், யாரோ புதைத்து வைத்த பொருள், தண்ணீர், மரம், கல் எல்லாம் இனி உங்களுக்கே என்று அர்த்தம். வாங்குவது மூன்றாவது மாடியில் ஒரு பிளாட்டாக இருக்கும். அங்கே மரம் ஏது, புதையல் ஏது? ஆனாலும் அந்த வரி இருக்கும். ஒருமுறை கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் ஒருவர் வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டார். வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்றேன். கூட வந்திருந்த அவருடைய அம்மா விடவில்லை. "எதுக்கு எடுக்கணும்? அது பாட்டுக்கு இருக்கட்டுமே. நாளைக்கே ஏதாச்சும் ஆப்புட்டா?" என்றார். மூன்றாவது மாடியில் என்ன ஆப்புடும் என்று நான் கேட்கவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேர் எழுதிவிட்டால் பொருள் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. என் தொழிலில் இதற்கு மேல் தத்துவம் கிடையாது. ஆட்கள் விஷயமும் அப்படித்தான். அப்பா மகனுக்கோ அண்ணன் தம்பிக்கோ சொத்தைச் செட்டில்மெண்ட் எழுதும்போது என்ன உறவு என்பதை முதலில் போட்டு, அதன் பிறகு அன்பினாலும் பிரியத்தினாலும் கொடுப்பதாக எழுதுவோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பெஞ்சின் இரண்டு முனையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த அண்ணன் தம்பிக்கு அந்த அன்பையும் பிரியத்தையும் நான் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் தம்பி என்பது உண்மை. எனக்கு அது போதும். ஆனால் எடுத்து வளர்த்த பிள்ளையை, முறைப்படி தத்து எடுக்காமல், "மகன்னே போட்டுடுங்க சார், எல்லாம் ஒண்ணுதானே" என்று வருகிறவர்கள் உண்டு. போட மாட்டேன். என் எதிரில் அழுதவர்கள் இருக்கிறார்கள். அப்போதும் போட்டதில்லை. பொய்யான உறவு என் கையால் ஒரு பத்திரத்திலும் ஏறியதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. அந்தத் தலைக்கனத்தால் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைதான் இது.

எனக்கு ஒன்பது வருஷம் மனைவி இருந்தார். அண்ணாகிராமம் பக்கத்துப் பெண்; தாய் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. முந்திரியும் பலாவும் வைத்திருக்கிற குடும்பம். எங்களுக்குக் குழந்தை இல்லை. பிரிந்ததற்கு அதுதான் காரணம் என்று ஊர் சொன்னது. ஊருக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும், வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். இருவரும் சம்மதித்துத்தான் பிரிந்தோம். வக்கீல் தயார் செய்த மனுவில் இரண்டு பிழை இருந்தது. நானே திருத்திக் கொடுத்தேன். பிறகு அவர் வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போனார். ஒரு பெண் குழந்தை பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் சிதம்பரத்தில், வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தனியாக இருக்கிறேன். காலையில் கடலூர் பஸ், சாயங்காலம் சிதம்பரம் பஸ்.

தீர்ப்பு வந்து நாலு மாசம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வந்த கூட்டம் தெருவெல்லாம் நின்றுகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து, தோளில் துண்டைச் சும்மாடாகப் போட்டு அதன்மேல் ஒரு பலாப்பழத்தை வைத்துக்கொண்டு ஒருவர் என் கடை வாசலில் வந்து நின்றார். என் மாமனார். அதாவது, மாமனாராக இருந்தவர்.

"வாங்க மாமா" என்றேன். அது தானாக வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தையால் ஒரு தொந்தரவும் இல்லை. டீ மாஸ்டரும் மாமா, கண்டக்டரும் மாமா. வயசு குறைந்தால் மச்சான். ஆகவே என் வாயில் இருந்த சொல்லைத் தீர்ப்பு ஒன்றும் செய்யவில்லை. அவருடைய சொல்தான் அடிபட்டது. ஒன்பது வருஷம் என்னை "மாப்ள" என்று கூப்பிட்டவர். இப்போது அந்த இடத்துக்கு வேறு ஆள் வரப்போகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தார், நிறுத்தினார், பழத்தை இறக்கி வைத்தார். "நல்லா இருக்கீங்களா?" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்து ஏழு வருஷம் அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. மாப்ளயும் இல்லை, தம்பியும் இல்லை, சாரும் இல்லை; என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. "இந்தாங்க" என்பார். "கேட்டுக்கினீங்களா" என்பார். போனில் "நான்தான் பேசறேன்" என்பார். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர், நான் கவனிக்காமல் போவதைப் பார்த்துவிட்டு, கூப்பிட ஒரு சொல்லும் கிடைக்காமல் கையைத் தட்டினார். பூக்காரர், போலீஸ்காரர், இளநீர் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன்.

முதலில் வில்லங்கச் சான்று வேண்டும் என்று வந்தார். எடுத்துக் கொடுத்தேன். பிறகு பழைய பத்திரத்துக்கு நகல் வேண்டும் என்றார். அடுத்த முறை, பட்டாவில் அவருடைய அப்பா பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார், சரியாகத்தான் இருந்தது. ஆறேழு மாசத்தில் சாக்குகள் தீர்ந்துவிட்டன. அதன் பிறகு சும்மாவே வந்தார். மாசத்தில் இரண்டு திங்கட்கிழமை. பத்தரை மணிக்கு வந்து என் கடைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மனு எழுத வருகிற ஜனங்களை வேடிக்கை பார்ப்பார். ஒரு மணிக்கு நாங்கள் மெஸ்ஸில் சாப்பிடுவோம். ரசம் அவருக்கு நெஞ்சைக் கரிக்கும். அதனால் சாம்பாரோடு மோருக்குப் போய்விடுவார். அப்பளத்தை என் இலைக்குத் தள்ளுவார். முந்திரி பூத்திருக்கிறதா, மழை எப்படி, டவுன் பஸ்ஸை ஏன் நிறுத்திவிட்டார்கள், இவ்வளவுதான் பேச்சு. மகளைப் பற்றி அவர் பேசவில்லை, நான் கேட்கவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்புவார்.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு நாள், "யாரு சார் அவரு, அடிக்கடி வர்றாரு?" என்று கேட்டார். "பார்ட்டி" என்றேன். வாடிக்கையாளரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஏழு வருஷத்தில் ஒரு பத்திரமும் பதியாத பார்ட்டி.

நானும் ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டேன். "எதுக்கு மாமா இம்மாந்தூரம் வர்றீங்க?"

"பஸ்ஸு இருக்குது, வர்றேன்" என்றார்.

மேலே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மோர் ஊற்றச் சொன்னார்.

நான் அவர் வீட்டுக்குப் போனதில்லை. எந்த முறையில் போவது? மாப்பிள்ளையாகப் போய் இலை போட்டுச் சாப்பிட்ட வீட்டுக்கு வேறு எதுவாகவும் போக எனக்குத் தெரியவில்லை. அவரும் வாருங்கள் என்று சொன்னதில்லை. தொழில் புத்தியோடு பார்த்தால் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அதற்குப் பெயர் இல்லை, ஆகவே அது இல்லை. அவர் வரவேண்டிய திங்கட்கிழமை வராமல் போனால் மட்டும் எனக்குக் கோபம் வரும். சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்கள்மேல் எரிந்து விழுவேன்.

போன தை மாசம் வந்தபோது பெஞ்சில் உட்காரும்போதே முகத்தைச் சுளித்தார். குடலிறக்கம். ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முந்திரிக் காட்டில் வேலை பார்த்திருக்கிறார். ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "உங்க ஊர்ல நல்ல ஆஸ்பத்திரி இருக்குதாமே" என்றார். அவர் ஊருக்குக் கிட்டத்திலேயே பண்ருட்டியிலும் இருக்கிறது, கடலூரிலும் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பொண்ணுக்குச் சொல்லலியா மாமா?"

"சின்னக் கொழந்தைய வெச்சிருக்குது. இதுக்குப் போயி அலையவுட்டுக்கினு. ரெண்டு நாளு வேல. நீங்க பாத்துக்க மாட்டீங்களா?"

பார்த்துக்கொள்வேன் என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை வெளியில் காட்டவில்லை, ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் செம்மங்குப்பம் தாண்டும் வரை நின்றுகொண்டே வந்தேன், சீட் காலியானதைக் கவனிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாளே மதியம் என் வீட்டுக்கு வந்துவிட்டார். ஏழு வருஷத்தில் அவர் அந்த வீட்டுக்குள் வந்தது அப்போதுதான். ஒரு சுற்றுப் பார்த்தார். சமையலறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, நூல் கேட்டு வாங்கிச் சுற்றி நிறுத்தினார். மறுநாள் காலையில் குளித்து, கோயிலுக்குப் போய் வந்து, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பச்சை அங்கியை மாட்டிக் கட்டிலில் உட்கார வைத்தார்கள்.

நர்ஸ் ஒரு படிவத்தை என்னிடம் கொடுத்தார். நோயாளியின் பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதினேன். எழுதிக் கொடுப்பது நமக்குப் புதிதா? கீழே ஒரு கட்டம் இருந்தது. சம்மதம் அளிப்பவர் நோயாளிக்கு என்ன உறவு?

பேனா நின்றுவிட்டது. மருமகன் என்று எழுத முடியாது, அது தீர்ப்போடு போயிற்று. முன்னாள் மருமகன் என்று எழுதலாம். ஆனால் முன்னாள் என்பது எம்.எல்.ஏ.வுக்கும் மந்திரிக்கும் போடுவது. அவர்களுக்காவது பென்ஷன் உண்டு. மகன் இல்லை. நண்பர் என்று போட்டால் எழுபது வயது தாண்டிய மனிதரோடு தோளில் கை போட்டுச் சுற்றுகிற மாதிரி இருக்கும். பொதுவாக உறவினர் என்று போடலாமா என்று பார்த்தேன். உறவினர் என்றால் எந்த வழியில் உறவு? மற்றவர்கள் அப்படிச் சொல்லும்போது நான் விடாமல் கேட்கிற கேள்வி அதுதான்.

"இன்னா சார், பரீட்சையா எழுதறீங்க?" என்றார் நர்ஸ்.

கடைசியில் "தெரிந்தவர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நேரத்துக்கு அது நேர்மையான சொல்லாகத் தோன்றியது.

நர்ஸ் வாங்கிப் பார்த்தார். "தெரிஞ்சவருன்னா செல்லாது சார். சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்" என்றார். பிறகு பெரியவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரக்கப்பட்டிருக்க வேண்டும். "மாமான்னுதான கூப்புடறீங்க? மருமகன்னு போட்டுடுங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

"அது பொய்ங்க" என்றேன்.

குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. கடையில் தினம் சொல்லிப் பழகின வாக்கியம். யாரிடம் சொல்கிறேன், யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பார்க்காமல் அதே ராகத்தில் வந்துவிட்டது. கட்டில் இரண்டு முழம் தள்ளி இருந்தது. அவர் கையை நீட்டினார். "அத்தக் குடுங்க."

நர்ஸ் கொடுத்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படித்தார். நான் எழுதியது ஒரே ஒரு வார்த்தைதான். அதைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டியதில்லை. படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"செரி" என்றார். "பொண்ணுக்குப் போனப் போடுங்க."

அப்போதாவது படிவத்தை வாங்கி அடித்துவிட்டு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அடித்தல் திருத்தல் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள் நான்.

மகளிடம் அவரே பேசினார். ஆஸ்பத்திரி, குடல், சிதம்பரம் என்று துண்டு துண்டாகச் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். ஏழு வருஷம் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன்.

"நீங்களா?"

"நான்தான்."

"அப்பா எப்படி உங்ககிட்ட வந்தாரு?"

"கடலூருக்கு வருவாரு. மாசத்துல ரெண்டு தடவ."

"எத்தினி நாளா?"

"ஏழு வருஷமா."

பின்னால் குழந்தை எதற்கோ அடம் பிடித்துக்கொண்டிருந்தது. "எதுக்கு?" என்றார் பிறகு. "அவருக்கும் உங்களுக்கும் இனிமே இன்னா இருக்குது?"

"தெரியல" என்றேன். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே, ரெண்டு பேரும்" என்றார். அதில் கோபத்தைவிட வருத்தம் ஜாஸ்தி. அவர் வருத்தப்படுவதில் நியாயம் இருந்தது. நாங்கள் ஒளித்ததாக நான் நினைத்ததில்லை; இல்லாத ஒன்றை எப்படி ஒளிப்பது என்ற எண்ணம்தான். ஆனால் அவர் காதுக்கு அது ஏழு வருஷமாக இருந்துவந்த ஒன்று.

அன்றைக்கு ஆபரேஷன் நடக்கவில்லை. முதல் நாள் சாயங்காலத்திலிருந்து பட்டினி கிடந்தவருக்கு மதியம் இட்லி கொடுத்தார்கள். சாப்பிட்டார். வலி வந்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னிடம் தண்ணீர் கேட்டார், மாத்திரை கேட்டார், வேறு எதுவும் பேசவில்லை.

மறுநாள் மதியம் ஓசூரிலிருந்து அவருடைய இப்போதைய மாப்பிள்ளை காரில் வந்தார். நல்ல மனிதர். என்னைப் பார்த்து யார் என்று கேட்காமல் வணக்கம் சொன்னார். புதுப் படிவத்தில் அந்தக் கட்டத்தில் "மருமகன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பேனாவை மூடினார். அது உண்மை. நானே எழுதியிருந்தாலும் அவருக்கு அப்படித்தான் எழுதியிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து வராண்டாவில் என்னைத் தேடி வந்தார். "சார், மாமாவுக்கு சுகர் மாத்திரை எதுன்னு டாக்டர் கேக்கறாரு. வேற ஏதாவது ஒத்துக்காதா? உங்களுக்குத் தெரியுமா?"

காலையில் ஒன்று, மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் அரை, புளிப்பு ஆகாது, இடது காது மந்தம், அந்தப் பக்கம் நின்று பேசினால் சும்மா தலையாட்டுவார் என்று சொன்னேன். அவர் போனில் குறித்துக்கொண்டார். "தேங்க்ஸ் சார்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள் ஓசூருக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கச் சொன்னார். ஏழு வருஷமாக மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போதெல்லாம் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். எங்கள் பக்கத்தில் யாரும் வெறுமனே போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் வீட்டில் திட்டு விழும். அன்றைக்கு அவர் "போறேன்" என்றார்.

நான் தலையாட்டினேன். கார் போன பிறகும் ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

பங்குனியில் அவர் ஊர்க்காரர் ஒருவர் பாகப்பிரிவினை எழுத வந்தார். பெரியவர் ஊருக்குத் திரும்பி இருபது நாள் ஆகிறது, நன்றாக நடமாடுகிறார், காட்டுக்குக்கூடப் போய் வருகிறார் என்று சொன்னார். அந்தத் திங்கள் வருவார் என்று நினைத்தேன். அடுத்த திங்கள் வருவார் என்று நினைத்தேன். சித்திரை போயிற்று. மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரத்தில் பலாப்பழத்தைக் குவித்து, பிளந்து, சுளை சுளையாக விற்க ஆரம்பித்துவிட்டார்கள். வாசனை கடைக்குள் வந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். ஜெராக்ஸ் கடைக்காரர், "இன்னா சார், உங்க பார்ட்டி வர்றதே இல்ல?" என்றார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். பாவம், அவர் முகம் சுண்டிப்போயிற்று.

முதலில் எனக்குப் பெரியவர்மேல்தான் கோபம். ஒரு வார்த்தைக்கா இப்படி? நான் எழுதியதில் என்ன தப்பு, சட்டப்படி நான் யார் என்று எனக்குள்ளேயே வாதாடினேன். வாதத்தில் நான்தான் ஜெயித்தேன். ஜெயித்துவிட்டு மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து இரண்டு அப்பளம் வாங்கிச் சாப்பிட்டேன். போகாமல் கெட்டது உறவு என்பார்கள். நான் ஒரு நாளும் போகாமல் ஏழு வருஷம் அது கெடாமல் இருந்தது. அவர் பஸ் ஏறி வந்துகொண்டிருந்ததால்தான் இருந்தது. அதைத்தான் நான், பெயர் இல்லை, ஆகவே இல்லை என்று கணித்திருக்கிறேன். அதைப் புரிந்துகொள்ள எனக்கு வைகாசி ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். கடலூரில் இறங்கி பண்ருட்டி பஸ் ஏறினேன். பண்ருட்டியில் வெறுங்கையோடு போகக் கூடாதே என்று கடைவீதியில் நின்றபோது மறுபடியும் அதே தொல்லை. மாப்பிள்ளை என்றால் ஸ்வீட். நோயாளியைப் பார்க்க என்றால் ஆரஞ்சும் ரொட்டியும். நான் எதற்காகப் போகிறேன் என்று தெரிந்தால்தானே எதை வாங்குவது என்று தெரியும்? கால் மணி நேரம் நின்றுவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழமும் அரைக் கிலோ காராசேவும் வாங்கினேன். இந்தச் சேர்க்கையை எந்த முறையிலும் சேர்க்க முடியாது.

அவர் வீட்டுக்குப் பக்கவாட்டில் பலா மரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை. "வாங்க" என்றார். யார் வந்தாலும் சொல்கிற வாங்க. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் பையை வைத்தேன். அவர் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

"வலி இருக்குதா மாமா?"

"இல்ல. கனம் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க."

மரத்தில் அடியிலிருந்து மேல் வரை காய் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்ததை எடுத்தேன். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் எழுதுனது..."

"தண்ணி குடிங்க" என்றார்.

குடித்தேன். திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அப்போது ஒரு மினி வேன் வந்து நின்றது. பலாக்காய் எடுக்கிற வியாபாரி. இந்த வருஷம்தான் இந்தப் பக்கம் வாங்க ஆரம்பித்திருக்கிறாராம். இறங்கினதும் காய்களைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், என்னைப் பார்த்து நின்றார்.

"யாரு பெரியவரே இவரு? மகனா?"

தெரிந்தவர் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நானே என் கைப்பட எழுதிக் கொடுத்த சொல். அதில் எனக்கு ஆட்சேபணை சொல்ல இடமில்லை. அவர் ஒரு காயின் காம்பை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகன் இல்ல" என்றார். "நம்ம வூட்டுக்கு வர்றவரு."

வியாபாரிக்கு அது போதுமானதாக இருந்தது. "அப்பிடியா" என்று சொல்லிவிட்டு அடுத்த காயைத் தட்டினார்.

பிரிந்த பிறகு அந்த வீட்டு மண்ணை நான் மிதித்த முதல் நாள் அது. வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வந்துகொண்டிருந்தவர் அவர், வராதவன் நான். அதை அவர் யாரோ ஒரு வியாபாரியிடம், முகம் மாறாமல், என் பேரில் மாற்றி எழுதிவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. குனிந்து சொம்பில் மிச்சம் இருந்த தண்ணீரைக் குடிப்பது போல வாயில் வைத்துக்கொண்டேன்.

வியாபாரி திரும்பி வந்தார். "காயி இன்னும் ஒரு வாரம் நிக்கலாம். இவரால எறக்கித் தூக்க முடியாது, ஒத்த ஆளா நானும் பண்ண முடியாது" என்று என்னிடம் சொன்னார். "நீங்க எப்ப எப்ப வருவீங்க சார்? அந்த நாளாப் பாத்து நானும் வந்துடறேன்."

பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. துண்டை எடுத்து உதறி மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே மறுபடியும் பிரித்து மடித்தார்.

"ஞாயித்துக்கெழம, ஞாயித்துக்கெழம வருவேன்" என்றேன்.

சொன்ன அன்றைக்கு மட்டும் அது பொய்.